பீரோவில் உறங்கும் கேசட்டுகளும் பரண்மேல் கிடக்கும் டெக்கும்

நம் இல்லங்களில், இரும்புப் பீரோவின் மேல்தட்டிலோ பரணிலுள்ள தகரப் பெட்டியிலோ, கறுப்பு நிற வீடியோ கேசட்டுகள் சில இன்றும் இருக்கின்றன. திருமணம், புதுநன்மை, புதுமனை புகுவிழா, தேர்த் திருவிழா என்று எழுதி அவற்றின் முதுகில் ஒட்டிய தாள் மஞ்சளித்துப் போயிருக்கும். அவற்றை ஓட்டிக் காட்டிய கருவியோ பழந்துணி போர்த்தப்பட்டு எங்கேனும் ஒரு மூலையில் கிடக்கும். அல்லது எப்போதோ பழைய இரும்புக்காரருக்கு எடைபோடப்பட்டிருக்கும். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் அக்கருவியை வீடியோ கேசட் ரிக்கார்டர் என்று முழுப்பெயர் சொல்லி அழைத்தவர் சிலரே. 'டெக்' என்பதுதான் மக்கள் அதற்கு இட்ட பெயர். நாமும் அப்பெயரையே வழங்குவோம்.

டெக் நம் ஊர்களுக்கு வந்த வரலாறு நெடியதன்று. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் வி.எச்.எஸ். முறையை 1976 ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தது. சோனி நிறுவனம் அதற்கு ஓராண்டு முன்னரே பீட்டாமேக்ஸ் முறையைக் கொணர்ந்திருந்தும், இல்லங்களில் நிலைத்தது வி.எச்.எஸ்.தான். 1982 இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியத் தொலைக்காட்சி வண்ணம் பெற்றபின், டெக்கின் மீதான ஆவல் பெருகிற்று. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம் பகுதி இளைஞர்கள் விடுமுறையில் திரும்புகையில் அட்டைப் பெட்டியில் கட்டிக் கொணர்ந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. வாங்க இயலாதோர் வாடகைக்கு எடுத்தனர். ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு டெக், மூன்று திரைப்படக் கேசட்டுகள். விடிவதற்குள் மூன்றையும் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும்! அத்திரைப்படங்களைப் பற்றி இன்று நாம் கவலைகொள்ள வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் வேறு வடிவங்களில் கிடைத்துவிடுகின்றன. நம் கவலையெல்லாம், உலகிலேயே ஒரே ஒரு படியாக நம் வீட்டுப் பீரோவில் மட்டும் உள்ள கேசட்டைப் பற்றியதே.

அதில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தொடக்கத்தில் மணமக்கள் பெயரும் ஊரும் திரையில் உருண்டு வரும். ஊரின் பெயருக்குக் கீழே 'திருச்சி மாவட்டம்' என்றிருக்கும். பெரம்பலூர் 1995 இல் தனி மாவட்டமாகி, அரியலூர் 2007 இல் அதனினின்று பிரிந்தது என்பதை அறியாத பேரப்பிள்ளைகளுக்கு அது வியப்பாகத் தோன்றும். பிறகு பந்தல், பந்தி, ஒளிப்பதிவாளரின் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி முகம் திருப்பும் உறவினர். இலையில் சோறு வைத்தபடி, படம் பிடிப்பவரை நோக்கிப் 'போ, போ' என்று கையசைக்கும் பாட்டி. இன்று நம்மிடையே இல்லாத ஒரு தந்தை, மேளத்தின் ஓசைக்கு நடுவே யாரையோ பெயர் சொல்லி அழைக்கும் குரல். சுவரில் மாட்டிய புகைப்படத்தில் முகம் இருக்கிறது. நடையும் குரலும் அதில் இல்லை. அவை இருக்குமிடம் அந்த நாடா ஒன்றுதான்.

நாடா இருந்தும் அதை ஓட்டக் கருவி இல்லையெனில் பயனில்லை. உலகில் வி.எச்.எஸ். டெக்குகளை இறுதிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், 2016 ஜூலை மாதத்தோடு அத்தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. ஆகவே இன்று எவ்வீட்டில் எந்த டெக் இருந்தாலும் அது பழையதே. காந்த நாடாக்களை ஓட்டுவதற்கான கருவிகளும் உதிரிப் பாகங்களும் 2025 ஆம் ஆண்டையொட்டிக் கிடைத்தற்கரியனவாகிவிடும் என்று யுனெஸ்கோ அமைப்பும் ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர்களின் உலகச் சங்கமும் 2019 இலேயே எச்சரித்தன. பரண்மேல் கிடக்கும் டெக்கைப் பேணிச் சீர்செய்வது பழமையின்மேல் கொண்ட ஆசையால் அன்று. நாடாவில் உள்ளதை ஒருமுறை ஒழுங்காக ஓட்டிப் புதிய படி எடுத்துக்கொள்ளும்வரை அது உழைக்க வேண்டும். அவ்வளவே நாம் அதனிடம் வேண்டுவது.

கருவியைத் தொடுமுன் அதன் உள்ளே நடப்பதை ஓரளவேனும் அறிதல் நலம். கேசட்டை உள்ளே தள்ளியதும், டெக் அதன் மூடியைத் திறந்து நாடாவை வெளியே இழுத்து, வெள்ளி நிறமான ஓர் உருளையைச் சுற்றி அணைக்கிறது. 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள அவ்வுருளை சற்றே சாய்ந்து நிற்கும். நாடா நொடிக்கு ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் என்ற அளவில் ஆமையாய் நகர, உருளையோ நம் நாட்டு முறையில் நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும். உருளையின் விளிம்பில் பதிந்துள்ள, கண்ணுக்கு எளிதில் தென்படாத சிறு முனைகளைத்தான் 'ஹெட்' என்கிறோம். அவை நாடாவின்மீது சாய்வுக் கோடுகளாய்ப் படத்தைப் படிக்கின்றன. ஒரு நொடிக்கு 50 கோடுகள். ஒரு மணி நேரத்திற்கு 1,80,000 கோடுகள். ஒவ்வொன்றும் மனிதத் தலைமுடியினும் மெல்லியது எனலாம். இவ்வளவு நுண்ணிய வேலையின் நடுவே ஒரு தூசித் துகள் வந்து அமர்ந்தால் என்னவாகும்?

தூசிக்கோ நம் பகுதியில் பஞ்சமில்லை. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ளன. லாரிகள் ஓடும் சாலையோர வீடுகளில் காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். பெரம்பலூர்ப் பக்கம் கோடையில் கரிசல் புழுதி. டெக்கின் காற்றுத் துளைகள் வழியே இவை உட்புகுந்து, மசகு நெய்யோடு கலந்து களிம்பாகிவிடும். கரப்பான் பூச்சிகள் குடியேறுவதும் உண்டு. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்திருப்பின், கேசட் வாய்க்குள் காசு, பிஸ்கட்டுத் துண்டு போன்றவையும் காணக் கிடைக்கலாம். பல ஆண்டுகள் கிடந்த டெக்கை எடுத்ததும் ஆவல் மிகுதியால் திருமணக் கேசட்டை உள்ளே தள்ளுவது பெருந்தவறு. அப்படித் தள்ளப்பட்ட கேசட்டின் நாடா கசங்கிச் சிக்கி வெளிவருவது நாம் பலமுறை கேட்ட கதை.

முதலில் மின்இணைப்பு. டெக்கின் பின்னே 110 வோல்ட் என்று மட்டும் பொறித்திருந்தால் அதை நம் வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் சொருகலாகாது. தக்க மாற்றி வேண்டும். பல்லாண்டுகள் ஓடாத கருவியின் மின்பகுதியிலுள்ள கெப்பாசிட்டர்கள் உலர்ந்தோ கசிந்தோ போயிருக்கலாம். தீய்ந்த வாடையோ புகையோ எழுந்தால் உடனே நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே முறை. மூடியைத் திறப்பதாயின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டே திறக்க வேண்டும். பிடுங்கிய பின்னும் மின்பகுதியில் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். அப்பக்கம் கை போகவே வேண்டா.

இனி ஹெட்டைத் துடைக்கும் முறையைச் சொல்லுவோம். பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்னும் திரவம் மின்னணுப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசர், வாசனைத் தைலம், பெட்ரோல், தின்னர் ஆகிய எதுவும் இதற்கு ஆகாது. நார் உதிராத தூய வெள்ளைத் தாளை மடித்து, அத்திரவத்தில் நனைத்து, உருளையின் பக்கத்தில் மெல்லத் தொடும்படி ஒரு கையால் அசையாது பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையால் உருளையின் மேற்பகுதியைப் பிடித்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். தாள் நிற்க, உருளை சுழல வேண்டுமேயன்றி, உருளை நிற்கத் தாளை மேலும் கீழுமாகத் தேய்க்கலாகாது. அவ்வாறு ஒருமுறை தேய்த்தாலும் ஹெட் முனை ஒடிந்துவிடக் கூடும். ஒடிந்தால் ஒட்ட வைக்க வழியில்லை. பஞ்சு சுற்றிய குச்சியையும் இங்கே கொண்டுவரலாகாது. அதன் நார் முனையில் சிக்கி இழுக்கும். தாளில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை புதுத்தாள் மாற்றித் துடைத்து, கால் மணி நேரமாவது உலர விட வேண்டும். உருளையின் பக்கத்தை வெறும் விரலால் தொடாதிருத்தலும் முக்கியம். விரலின் எண்ணெய்ப் பசையே அதற்கு அழுக்கு.

நாடா செல்லும் வழியிலுள்ள மற்ற உலோகத் தண்டுகளையும் ஒலியைப் படிக்கும் நிலைத்த ஹெட்டையும் பஞ்சுக் குச்சியால் தாராளமாகத் துடைக்கலாம். நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹாலைத் தவிர்த்து, ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். படத்தில் புள்ளி புள்ளியாகப் பனி பெய்வதுபோல் தோன்றி ஒலி மட்டும் தெளிவாக இருந்தால் உருளை ஹெட்டில் அழுக்கு என்று பொருள். படத்தின் மேலோ கீழோ ஒரு பட்டை மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் டிராக்கிங் பொத்தானால் சரியாகும். உள்ளே சென்ற கேசட்டை டெக் தானே வெளித்தள்ளுவதும், பின்சுற்றுகையில் முக்கி முனகுவதும் ரப்பர்ப் பட்டைகள் தளர்ந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். இதற்கு அனுபவமுள்ள மெக்கானிக்கே வேண்டும். டெக்கைப் பிரித்து அறிந்த மெக்கானிக்குகள் இன்று முதியவர்கள். அவர்களில் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் காலம் தாழ்த்தாது சென்று காண்பது நன்று.

கருவி ஒருவாறு சீரானதும் கேசட்டுக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் பீரோவுக்குள்ளும் புகுவது நம் தாய்மார் நன்கறிந்தது; பட்டுப் புடவையை எடுத்து உதறுகிறவர்கள் கேசட்டை எடுத்துப் பார்ப்பதில்லை. கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். சுற்றிய நாடாவின் பக்கவாட்டு, கறுத்து ஒரே சீராகப் பளபளக்க வேண்டும். மாவு தூவினாற்போலவோ சிலந்தி நூல்போலவோ வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். அக்கேசட்டை எக்காரணத்தாலும் ஓட்டலாகாது. ஓட்டினால் பூஞ்சணம் உருளையில் ஏறும். அதன்பின் ஓட்டும் நல்ல கேசட்டுகளுக்கும் தொற்றும். அதைத் தனியே ஒரு பிளாஸ்டிக் உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு சில நாள் மூடிவைத்து, பின்னர் நாடாவைத் துடைக்கப் பயின்றவரிடம் கொடுக்க வேண்டும். கையாளுகையில் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நுரையீரலுக்கு நல்லது. எதையும் முற்றத்து வெயிலில் பரப்பிவிடுவது நம் வழக்கம். வற்றலுக்கும் வடகத்துக்கும் உகந்த அவ்வெயில் கேசட்டை வளைத்துவிடும். அந்துருண்டையையும் அருகில் போட வேண்டா. அதன் ஆவி பிளாஸ்டிக்குக்குப் பகை.

நல்ல கேசட்டாக இருந்தாலும், முதலில் ஓட்ட வேண்டியது இழந்தாலும் வருத்தமில்லாத ஒரு பழைய திரைப்படக் கேசட்டையே. அது அரைமணி நேரம் சிக்கலின்றி ஓடினால்தான் குடும்பக் கேசட்டுக்கு முறை. அதையும் உடனே ஓட்டாமல், முழுவதும் முன்சுற்றிப் பின் முழுவதும் பின்சுற்றினால் பல்லாண்டுகள் இறுகிக் கிடந்த நாடா சீராக அமையும். தவறிப்போய் அதன்மேல் வேறெதுவும் பதிவாகாதபடி கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாவலை ஒடித்துவிடவும் வேண்டும். நாடா சிக்கிக்கொண்டால் வெடுக்கென இழுக்கலாகாது. மின்கம்பியைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, பொறுமையாக விடுவிக்க வேண்டும்.

படி எடுத்தல் இன்று பெரிய வித்தையன்று. டெக்கின் பின்புற மஞ்சள், வெள்ளைத் துளைகளினின்று கம்பியிட்டு, யு.எஸ்.பி. வழியே கணினியில் பதிவு செய்யும் சிறு கருவிகள் விற்கின்றன. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. நகரங்களில் இப்பணியைச் செய்து தரும் ஒளிப்பதிவு நிலையங்களில் கொடுப்போர், எல்லாக் கேசட்டுகளையும் ஒருங்கே கொடுத்துவிடாமல் ஒன்றைக் கொடுத்து அதன் தரம் கண்டபின் மற்றவற்றைக் கொடுப்பது அறிவுடைமை. டிவிடியில் மட்டும் வாங்கிக்கொண்டு நிறைவடைய வேண்டா. அத்தட்டும் காலத்தில் கெடுவதே. கணினிக் கோப்பாகப் பெற்று, இரண்டு வெவ்வேறு வீடுகளில் இரண்டு படிகளாக வைத்தல் வேண்டும்.

ஏடுகளைச் செல் அரிக்குமுன் பெயர்த்தெழுதிக் காத்தது நம் முன்னோர் வழக்கம். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்து 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், இளமையில் அரியலூரிலும் பெரம்பலூரை அடுத்த குன்னத்திலும் வாழ்ந்து பயின்றவர். அவர் தேடிச் செல்லுமுன்னரே நெருப்பிலும் ஆற்றிலும் இடப்பட்ட ஏடுகள் எத்தனையோ.

படி எடுத்த பின்னும் கேசட்டை எறிந்துவிட வேண்டா. உறையிலிட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, ஒலிபெருக்கி, காந்தம் ஆகியவற்றின் அருகே இல்லாமல், மேற்கு வெயில் படும் சுவரை விட்டு விலக்கி வைத்தால் போதும். நன்கு ஓடும் டெக் உடையோர், பழைய இரும்புக்கு எடைபோடுமுன் தம் பங்குத்தந்தையிடம் சொல்லி, ஞாயிறு திருப்பலியின் இறுதி அறிவிப்புகளோடு அதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். அதே தெருவில் வேறொரு வீட்டுப் பீரோவிலும் ஒரு கேசட் இருக்கக்கூடும்.