பழைய பத்மினியும் புதிய பெட்ரோலும்

சித்தூர், திருப்பதிப் பக்கம் வேர் உள்ள நம் சங்கக் குடும்பங்கள் சிலவற்றுக்கு, ஊர் வீட்டுக் கொட்டகையில் இன்றும் ஒரு பிரீமியர் பத்மினி நின்றுகொண்டிருக்கிறது. விடுமுறைக்குப் போகும் பிள்ளைகள் அதைத் துடைத்து, பாட்டரி மாற்றி, தாத்தா ஓட்டிப் போனது போல நாமும் திருமலைக்குப் போவோம் என்று கிளம்புகிறார்கள். அலிபிரி தாண்டிச் சில வளைவுகள் ஏறுவதற்குள் வண்டி திக்குகிறது, சூடேறுகிறது. "எஞ்சின் போயிடுச்சு சார், வித்துடுங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். விற்பதற்கு முன் நான் சொல்வதையும் கேளுங்கள்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்து ரயில்வேயில் சேர்ந்து, டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். இப்போது நண்பர்கள் வீட்டுப் பழைய கார்களின் கார்புரேட்டர்தான் என் பொழுதுபோக்கு. நான் பார்த்த வரையில், எஞ்சின் போய்விட்டது என்று கைவிடப்பட்ட வண்டிகளில் பலவற்றுக்குக் குறை, பித்தளைத் திருகு ஒன்றின் நடுவே உள்ள சின்னத் துளையில்தான் இருந்தது.

அந்தத் திருகுக்குத்தான் ஜெட் என்று பெயர். (இளைய தலைமுறை விமானத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினுக்கு வந்த சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட், ஐடில் ஜெட், ஏர் கரெக்ஷன் ஜெட் எனப் பல உண்டு. பழைய அம்பாசிடர்களில் இருந்த எஸ்.யூ. வேறு வகை, அதில் ஒரே ஜெட், அதற்குள் ஏறி இறங்கும் ஊசி. சோலெக்ஸ் மெயின் ஜெட்டின் தலையில் ஓர் எண் பொறித்திருக்கும். 115 என்றால் துளையின் விட்டம் ஏறத்தாழ 1.15 மில்லிமீட்டர். எஞ்சின் பாரம் இழுக்கும்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது.

மலையில் காற்று மெலிந்திருப்பதால் திக்குகிறது என்று சிலர் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலிபிரியைவிடத் திருமலை ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி ஆறேழு சதவீதம் குறையும். கார்புரேட்டரின் இயல்பினால் கலவையில் பெட்ரோலின் பங்கு அதில் பாதியளவே, சுமார் மூன்று சதவீதம்தான் கூடும். அதை எஞ்சின் பொருட்படுத்தாது. முதல் மலைப்பாதை திறந்த 1944 முதல் கார்புரேட்டர் வண்டிகள் ஏறி இறங்கிய மலை அது. 1974-இல் இரண்டாவது பாதை வந்த பிறகும் வெகுகாலம் அவையே ஏறின.

மாறியிருப்பது மலையல்ல, பெட்ரோல். 2023-இல் இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. 2025-க்குள் நாடெங்கும் பங்குகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ. அதாவது, அதே காற்றுக்கு முன்னைவிட எட்டொன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்துகொள்ளும். பத்மினிக்கு அந்த அறிவு கிடையாது. பழைய துளை வழியே பழைய அளவுதான் போகும். கலவை மெலியும். மெலிந்த கலவை பாரத்தில் மெதுவாக எரிந்து சூட்டைக் கிளப்பும். விட்டுவைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இது போதாதென்று, மைலேஜுக்கு ஆசைப்பட்டு எப்போதோ ஒருவர் சிறிய ஜெட்டை மாட்டியிருப்பார். வாடகைக்கு ஓடிய வண்டி என்றால் இதை அவசியம் சந்தேகியுங்கள்.

சோதனை மிகச் சுலபம். மேட்டில் திக்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி உற்சாகமாக இழுத்தால் கலவை மெலிவு என்று அர்த்தம். கரும்புகை விட்டு மேலும் மந்தமானால் கோளாறு வேறு. மலைப்பாதையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஆகவே இந்தப் பரீட்சையைத் திருப்பதியிலிருந்து சந்திரகிரி தாண்டிச் சித்தூர் பக்கம் ஏறும் சாலையில் செய்வது நல்லது. டீசல் எஞ்சினை நாங்கள் லோடு பாக்ஸில் பூட்டிப் பாரம் கொடுத்துத்தான் சோதிப்போம். நின்ற இடத்தில் உறுமவிட்டுப் பார்ப்பதால் மெயின் ஜெட்டைப் பற்றி எதுவும் தெரியாது. பத்துக் கிலோமீட்டர் நன்றாக இழுக்கவிட்டு, கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தி, சூடு தணிந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். பிஸ்கட் நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் மெலிவு, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

ஆனால் ஜெட்டில் கைவைப்பது கடைசி வேலை. டாப்பெட், பாயிண்ட் இடைவெளி, டைமிங், ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்பு, மிதவையின் மட்டம் எல்லாம் ஒழுங்கான பிறகே அதைத் தொட வேண்டும். முதலில் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணைப் படியுங்கள். துளைக்குள் கம்பி விடுவதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பித்தளை மெத்து, ஒரு கீறல் விழுந்தால் பொறித்த எண்ணுக்கு அர்த்தமில்லை. காற்றடித்தாலே போதும்.

அதன் பிறகும் மெலிவாக இருந்தால் ஒரு படி பெரிய ஜெட். 115-ஐ எடுத்துவிட்டு 120 போட்டால் துளையின் பரப்பு ஒன்பது சதவீதம் கூடும்; புதிய பெட்ரோல் கேட்பதும் ஏறத்தாழ அதுவே. அதற்கு மேல் போக வேண்டாம். பழைய ஜெட்டுகள் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் அகப்படும். துளையை ஈயத்தால் அடைத்து மறுபடி துளைபோடும் கைவினைஞர்களும் உண்டு. நான் எண் பொறித்த ஜெட்டையே விரும்புவேன். பிறகு எஞ்சின் சூடான நிலையில் ஐடில் கலவைத் திருகை மெல்லத் திருப்பி, ஓட்டம் சீராகும் இடத்தில் விடுங்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு முக்கியமான விஷயம் வேறொன்று. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் கார்புரேட்டருக்குள் வெள்ளைப் பொடி படிவது அதனால்தான். பழைய ரப்பர் குழாய்களும் அதில் ஊறி உதிரும்; அந்தத் துணுக்கு வந்து அடைப்பதும் ஜெட்டைத்தான். எத்தனாலுக்குத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். ஊரிலிருந்து திரும்பும் நாளில் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி கொடுக்கும்போது, குழாய் கழன்றிருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.