அணுஉலையைக் காத்த இடைவெளி

ஆனி, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளைப் பார்க்காத நாஞ்சில் நாட்டு மாணவர் உண்டா? அவை தரும் மின்சாரமும், அண்டை மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் மின்சாரமும் ஒரே மின் தொகுப்பில் கலக்கின்றன. இத்தொகுப்பின் பெரிய ஸ்விட்சுகளை இன்று தொலைவிலிருந்து கணிப்பொறிகளே இயக்குகின்றன. பகைவனுக்கும் அதுவே வாசல்.

2019இல் கூடங்குளத்திற்கு ஓர் அழையா விருந்தாளி வந்தது. தீங்கு செய்யும் கணிப்பொறி நிரல் அது! செப்டம்பர் 4இல் எச்சரிக்கை கிடைத்தது. அக்டோபர் 30இல்தான் இந்திய அணுமின் கழகம் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நிரல் புகுந்தது இணையத்தோடு இணைந்த அலுவலகக் கணிப்பொறி ஒன்றில். உலையை இயக்கும் கணிப்பொறிகள் தனித்து நிற்பவை, வெளித்தொடர்பு அற்றவை. ஆகவே அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றது கழகம்.

அந்த இடைவெளி இல்லையென்றால்? 2015 டிசம்பர் 23. உக்ரைன் நாட்டு மின்பகிர்வு நிலையம் ஒன்றில், பணியாளர் கண்முன்னே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து மின்சுற்றுகளை ஒவ்வொன்றாகத் திறந்தது. (மின்சுற்றைத் திறப்பது என்றால் மின்னோட்டத்தை நிறுத்துவது, கதவைத் திறப்பதற்கு நேர்மாறு!) ஏறத்தாழ 2,25,000 நுகர்வோர் இருளில் மூழ்கினர். பணியாளர்கள் துணைமின் நிலையங்களுக்கு விரைந்து, ஸ்விட்சுகளைக் கையாலேயே போட்டனர். சில மணி நேரத்தில் விளக்குகள் எரிந்தன. பழைய முறைதான் கைகொடுத்தது!

இடைவெளியும் முழுக்காவல் அன்று. 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நிரல் பென் டிரைவ் வழியாகவும் பரவியது. கம்பியே இல்லாத இடைவெளியை அது ஒருவரின் சட்டைப்பையில் அமர்ந்தே கடந்துவிடும்.