ஒரே வீட்டில் நான்கு வயது, நான்கு மனம்

மும்பையில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் காலூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவும், சொந்த வீடு என்ற ஆசையில் மத்திய ரயில்வே பாதையைப் பிடித்து டோம்பிவிலிக்கு வந்தவைதான். வீட்டு விலை கைக்கு எட்டியது. பதிலுக்கு நேரம் போனது. மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தின் பக்கம் வேலைக்குப் போய்வரவே தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருப்பது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான்.

சண்டையும் அப்போதுதான் வருகிறது. பதினைந்து வயதுப் பையன் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, சொன்ன கதையையே மறுபடி தொடங்குகிறார். அப்பா எரிந்து விழுகிறார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. இவர்களில் யாரும் கெட்டவரில்லை. ஒவ்வொருவரின் வயதும் ஒவ்வொரு மனவேலையைக் கேட்கிறது. அந்த வேலைகள் ஒரே கூடத்தில் ஒன்றோடொன்று மோதுகின்றன. இதை அறிந்துகொண்டால் பாதிக் கோபம் தணியும். எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதும் தெரியும்.

எட்டுப் பருவங்கள்

உடல் வளர்ச்சி இருபது வயதோடு நின்றுவிடலாம், மன வளர்ச்சி கடைசி வரை நடக்கும் என்று தெளிவாகச் சொன்னவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். 1902-இல் ஜெர்மனியில் பிறந்து, 1933-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 'குழந்தைப் பருவமும் சமூகமும்' என்ற நூலில் 1950-இல் அவர் வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு போராட்டம் உண்டு. அவற்றில் சிலவற்றை மட்டும் பார்ப்போம். கைக்குழந்தைக்கு அது உலகை நம்பலாமா என்பது. பள்ளி வயதில் என்னால் முடியுமா. பதின்வயதில் நான் யார். இளமையில் யாரோடு வாழ்வது. நடுவயதில் அடுத்த தலைமுறைக்கு என்ன தருவது. முதுமையில் வாழ்ந்த வாழ்வு நிறைவானதா என்பது.

எரிக்சன் நம் நாட்டையும் அறிந்தவர். 1918 அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை மையமாக வைத்துக் காந்தியின் நடுவயது மனத்தை ஆராய்ந்து அவர் 1969-இல் வெளியிட்ட நூல் புலிட்சர் பரிசு பெற்றது. ஆனாலும் அவருடைய அளவுகோலை அப்படியே நம் குடும்பங்களின் மேல் வைக்க முடியாது. கூட்டுக் குடும்பத்தில் வளரும் இந்தியக் குழந்தையின் மனம் வேறு விதமாக உருவாகிறது என்பதை உளவியலாளர் சுதீர் கக்கர் 1978-இல் விரிவாக எழுதினார். இருபத்தைந்து வயதிலும் பெற்றோருடன் இருப்பது நமக்குக் குறை ஆகாது.

கைக்குழந்தை: யார் தூக்கினாலும் அன்பு ஒன்றே

தமிழில் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகக் கண்டார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று தலை நிமிர்வதையும் கை கொட்டுவதையும் கூர்ந்து பார்த்தவர்கள் அவர்கள். உடல் வளரும் அதே மாதங்களில்தான், அழுதால் ஆள் வரும் என்ற நம்பிக்கையும் உள்ளே வளர்கிறது.

வேலைக்குப் போகும் தாய்மாரை இங்கே ஒரு குற்ற உணர்வு வாட்டுகிறது. பிள்ளையைப் பாட்டியிடமோ குழந்தைக் காப்பகத்திலோ விட்டுவிட்டு ரயிலேறுகிறோமே என்று மனம் உடைகிறார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1964-இல் வெளியான ஆய்வு இவர்களுக்கு ஆறுதல் தரும். பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதுக்குள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் உறுதியான பிணைப்பை வளர்த்துக்கொண்டன. பார்த்துக்கொள்பவர் அடிக்கடி மாறாமல் இருப்பதும், அழுகைக்கு அன்போடு பதில் வருவதும்தான் முக்கியம்.

தாயின் மனமும் கவனிக்கப்பட வேண்டும். பிரசவத்துக்குப் பின் சில நாள் அழுகை வருவது இயல்பு. அது இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சையால் குணமாகும். 'இதெல்லாம் சகஜம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பதின்வயது: நான் எந்த ஊர்க்காரன்?

டோம்பிவிலித் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், சொசைட்டி வாசலில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலம். தீபாவளிக் காலையில் டோம்பிவிலியின் பட்கே சாலையில் திரளும் இளைஞர் கூட்டத்தில் அவனும் நிற்பான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் 'பம்பாய்க்காரன்' என்பார்கள். 'நான் யார்' என்ற கேள்வி அவனுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கனமானது. ஒரே அடையாளத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நெருக்காதீர்கள். நான்கு மொழியும் அவனுடையவைதான்.

திட்டமிடவும் ஆத்திரத்தை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதையொட்டித்தான் முதிர்கிறது. பதின்வயதில் தூக்கம் வரும் நேரமும் இயற்கையாகவே தள்ளிப்போகிறது. ஆகவே கதவைச் சாத்துவதும் தாமதமாக எழுவதும் திமிர் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் நண்பர்களை முற்றாக விட்டுவிடுவது, மதிப்பெண் திடீரெனச் சரிவது, உடலைக் காயப்படுத்திக்கொள்வது ஆகியவை வயதின் குணமல்ல. மனநலச் சிக்கல்களில் பாதி பதினான்கு வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நடுவயது: ரயிலிலே போகும் ஆயுள்

நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே மனம் கேட்பது, தன்னால் யாரோ வளர்கிறார்கள் என்ற நிறைவு. அது கிடைக்காதபோது வாழ்க்கை தேங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. பிள்ளை தூங்கும்போது கிளம்பி, தூங்கிய பிறகு திரும்பும் தகப்பனுக்கு மாதச் சம்பளம் மட்டும் அந்த நிறைவைத் தராது. தினமும் கால் மணி நேரம் போனைத் தள்ளி வைத்துப் பிள்ளையோடு பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் நாலு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுங்கள். அது அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பெண்களுக்கு இதே வயதில் மாதவிடாய் நிற்கிறது. தூக்கமின்மை, எரிச்சல், படபடப்பு வரலாம். இதைக் குணக்கேடு என்று ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துப் போவது கணவரின் கடமை.

முதுமை: மறுபடி சொல்லும் கதை

கடைசிப் பருவத்தின் வேலை, வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து ஏற்றுக்கொள்வது. பாட்டி பழைய கதை சொல்வது அந்த வேலைதான், காது கொடுங்கள். திருநெல்வேலித் தெருவையும் பேச்சுத்துணையையும் விட்டுவிட்டு, மொழி தெரியாத நகரத்தில் நாலாவது மாடியில் பகலெல்லாம் தனியே இருப்பவர் அவர். கோயிலுக்கோ, தமிழ் பேசும் பக்கத்து வீட்டுக்கோ மாலையில் போய்வர ஏற்பாடு செய்யுங்கள்.

அதே சமயம், காலையில் சாப்பிட்டதை மறப்பதும் பழகிய வழி தெரியாமல் போவதும் வேறு; அவை நோயின் அறிகுறியாக இருக்கலாம். தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும்கூட மறதியையும் சோர்வையும் உண்டாக்கும். சைவம் மட்டும் சாப்பிடுவோரிடம் பி12 குறைவு அதிகம். காது மந்தமானாலும் பெரியவர்கள் ஒதுங்கிப்போவார்கள். முதலில் ரத்தப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் செய்யுங்கள்.

எங்கே போவது?

எந்த வயதானாலும், இரண்டு வாரத்துக்கு மேல் சோகம், தூக்கக் கெடுதி, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் உதவி தேவை. சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அப்படிப் பேசுபவரைத் தனியே விடவும் கூடாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில், சிக்கலின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. கூச்சமும் ஒரு பெரிய தடை.

மத்திய அரசின் டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். முதியோருக்கு 14567, குழந்தைகளுக்கு 1098. நேரில் போக வேண்டுமானால், தாணேயில் 1901 முதல் இயங்கும் அரசு மனநல மருத்துவமனை உண்டு. டாக்டர் ஆனந்த் நாட்கர்ணி 1990-இல் தொடங்கிய மனநல நிறுவனமும் அதே ஊரில்தான் இருக்கிறது. டோம்பிவிலியிலிருந்து இரண்டுக்கும் ரயிலில் போய்விடலாம். 14416 என்ற எண்ணை இன்றே வீட்டிலுள்ள எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள். தேவைப்படும் நாளில் தயங்காமல் அழையுங்கள்.