வியாழனின் சந்திரனும் காவலூர்ச் சாட்சியும்

காவலூர் என்னும் சிற்றூரின் பெயரை நமது வாசகர்களில் அநேகர் கேள்விப்பட்டிருப்பார்கள். நல்லம்பள்ளியிலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலையின்மேல், கடல் மட்டத்திற்கு 725 மீட்டர் உயரத்தில் அவ்வூர் அமைந்திருக்கிறது. நமது தேசத்தின் வான ஆராய்ச்சி நிலயம் ஒன்று அங்கே 1968 முதல் நடைபெற்று வருகிறது. இந்நிலயத்தைப் புகழ்ந்து பேசுவோரும் எழுதுவோரும் தவறாமல் ஒரு செய்தியைக் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. வியாழ கிரகத்தைச் சுற்றிவரும் கானிமீடு என்ற பெரிய சந்திரனுக்கு வாயு மண்டலம் உண்டென்பதை 1972-இல் கண்டுபிடித்தது காவலூரே என்பதுதான் அச்செய்தி. அதைப் படிக்கும் தமிழன் ஒவ்வொருவனுக்கும் நெஞ்சு நிமிர்கிறது. நமக்கும் நிமிரத்தான் செய்கிறது. ஆனால் நிமிர்ந்த நெஞ்சோடு நின்றுவிடாமல், அச்செய்திக்குரிய சாட்சியத்தைச் சிறிது விசாரித்துப் பார்ப்பது பத்திரிகையின் கடமை என்று கருதுகிறோம்.

முதலில் கானிமீடு இன்னதென்று சொல்லிவிடுவோம். குருப் பெயர்ச்சி நாளன்று கோவில்களில் முண்டியடித்துக்கொண்டு நிற்கும் பெருங்கூட்டத்தில், அந்தக் குருவை வானத்திலே விரல் நீட்டிக் காட்டத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவராவது இருப்பாரோ என்பது ஐயமே. அந்தக் குருவைச் சுற்றி நான்கு பெரிய சந்திரர்கள் ஓடிக்கொண்டிருப்பதை இத்தாலிய தேசத்துக் கலிலியோ 1610 ஜனவரியில் தமது சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடியின் மூலம் கண்டார். நான்கினுள் மூன்றாவது கானிமீடு. அதன் விட்டம் 5,268 கிலோமீட்டர். சூரிய மண்டலத்திலுள்ள சந்திரர்கள் அனைத்திலும் இதுவே பெரியது. நவக்கிரக வரிசையில் வைத்து நாம் வணங்கும் புதனே 4,879 கிலோமீட்டர் விட்டமுள்ளதுதான். ஆகவே கிரகமாயிருந்து வியாழனுக்கு ஏவலாளாய்ப் போன ஒன்று என்று கானிமீடைக் கூறினாலும் மிகையாகாது. ஏழு நாட்களுக்குச் சற்று அதிகமான காலத்தில் அது வியாழனை ஒருமுறை சுற்றி வருகிறது.

இனி 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் தேதி நிகழ்ந்ததைக் கூறுவோம். அப்போது வியாழன் தனுசு ராசியில் இருந்தது. அன்று கானிமீடு எட்டாவது பிரகாச வகுப்பைச் சேர்ந்த ஒரு மங்கிய நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு செல்லும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். சந்திரன் சூரியனை மறைப்பதைக் கிரகணம் என்கிறோமல்லவா? இதுவும் ஒரு வகைக் கிரகணமே. ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாத கிரகணம். இதனால் அறியத்தக்கவை இரண்டு. மறைக்கும் கோளம் மொட்டைப் பாறையாகவோ வெறும் பனிக்கட்டியாகவோ இருந்தால், விளக்கை ஊதி அணைத்ததுபோல நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று போய்விடும். அக்கோளத்தைக் காற்று சூழ்ந்திருந்தால், ஒளி அந்தக் காற்றிலே வளைந்து, படிப்படியாய் மங்கிப் பிறகே மறையும். இது ஒன்று. நட்சத்திரம் எவ்வளவு நேரம் மறைந்திருந்தது என்பதைக்கொண்டு, மறைத்த கோளத்தின் குறுக்கே ஒரு நாணின் நீளத்தைக் கணக்கிடலாம். பூமியில் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்தால் இரண்டு நாண்கள் கிடைக்கும். அவற்றைக்கொண்டு வட்டத்தின் விட்டத்தைப் பெறலாம். இது மற்றொன்று. பள்ளிக்கூடத்துக் க்ஷேத்திர கணிதமே இதற்குப் போதும்.

பார்த்த இடங்களும் இரண்டே. ஒன்று ஜாவாத் தீவிலுள்ள லெம்பாங். மற்றொன்று நமது காவலூர். ஜெர்மனி தேசத்து ஜீனா நகரில் ஸைஸ் கம்பெனியார் செய்த ஒரு மீட்டர் அகலமுள்ள பிரதிபலிப்புத் தொலைநோக்கி காவலூருக்கு வந்து நிறுவப்பட்டது அந்த 1972-ஆம் ஆண்டிலேதான். புது மாட்டை வண்டியில் பூட்டிய அன்றே நெடும் பிரயாணம் புறப்பட்டதற்கு ஒப்பானது அது. இந்தியர், ஆங்கிலேயர், அமெரிக்கர் ஆகியோர் கலந்த கூட்டத்தினர் இவ்வேலையைச் செய்தார்கள். நம்மவர்களில் முக்கியமானவர் ஜே. ஸி. பட்டாச்சார்யா. முடிவுகள் 1973-இல் 'ஸயன்ஸ்' என்னும் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியாயின. நட்சத்திரம் சட்டென்று மறையவுமில்லை, சட்டென்று தோன்றவுமில்லை. ஆதலால் கானிமீடுக்கு வாயு மண்டலம் உண்டு. அதன் அழுத்தம் பூமியிலுள்ள காற்றின் அழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறையாது என்பது அவர்கள் கண்ட முதல் முடிவு. கானிமீடின் விட்டம் ஏறத்தாழ 5,270 கிலோமீட்டர் என்பது இரண்டாவது முடிவு.

முதல் முடிவே உலகெங்கும் பரவியது. வாயு மண்டலம் என்றால் யாருக்கும் ஆவல் பிறக்கும்; விட்டம் என்றால் யார் கவனிப்பார்கள்?

1979-இல் வாயேஜர் முதல் விண்கலம் வியாழனின் அருகே சென்றது. அதுவும் ஒரு நட்சத்திரத்தைக் கானிமீடு மறைக்கும் காட்சியையே கவனித்தது. ஆனால் பூமியிலிருந்தல்ல, பக்கத்திலிருந்து. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலல்ல, வாயுக்கள் மிகச் சிறிதளவு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் புற ஊதா ஒளியில். வாயு மண்டலத்தின் அடையாளமே அதற்குத் தென்படவில்லை. இருந்தாலும் இன்ன அளவுக்குமேல் இருக்க முடியாது என்று அது காட்டிய எல்லை, 1972-இல் சொல்லப்பட்ட அளவில் நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கு! நாற்பதினாயிரம் ரூபாய்க்கு வழக்குத் தொடுத்தவனுக்கு ஒரு ரூபாய்க்குமேல் கிடைக்காது என்று மேல்கோர்ட்டு தீர்ப்பளித்தால், அந்த வழக்கை வென்றதாக எந்த வக்கீலும் சொல்லிக்கொள்ள மாட்டார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் விஷயம் எளிதாயிருக்கும். 1996-இல் ஹப்பிள் தொலைநோக்கி கானிமீடின்மேல் பிராணவாயுவின் மெல்லிய புற ஊதா ஒளியைக் கண்டது. வியாழனின் காந்த மண்டலத்தில் சுழலும் மின்னேற்ற அணுத்துகள்கள் கானிமீடின் பனிக்கட்டியைத் தாக்குகின்றன; பனிக்கட்டியின் நீர் பிளவுபடுகிறது; இலேசான ஜலவாயு வெளியே ஓடிவிடுகிறது; கனமான பிராணவாயு தங்குகிறது. அதன் அழுத்தம் பூமிக் காற்றில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஹப்பிளின் பழைய குறிப்புகளை மறுபடி ஆராய்ந்ததில், நீராவியும் இருப்பதற்குச் சான்று கிடைத்ததாக 2021-இல் அறிவித்தார்கள்.

நம் புகழ்ச்சிக்காரர்கள் இவ்விடத்திலேதான் பிடித்துக்கொள்கிறார்கள். "பார்த்தீரா! வாயு மண்டலம் இருக்கத்தானே இருக்கிறது! காவலூர் சொன்னது மெய்யாயிற்றே!" என்கிறார்கள். இது சாட்சியச் சட்டம் ஒப்பாத வாதம். இருட்டிலே ஒரு ஆளைக் கண்டதாகச் சாட்சி சொன்னான் ஒருவன். அவன் நின்ற இடத்திலிருந்து அந்த ஆளைக் காணவே முடியாதென்று பிறகு ருசுவாயிற்று. வேறொரு வழியாக வீட்டுக்குள் ஒரு ஆள் இருந்தது தெரியவந்தது. அதனால் முதற்சாட்சி கண்டான் என்றாகிவிடுமா? ஹப்பிள் கண்ட வாயு அத்தனை மெல்லியது. நட்சத்திர ஒளியை 1972-இன் கருவிகளுக்குத் தெரியுமாறு மங்கச் செய்யும் சக்தி அதற்குக் கிடையாது. ஆகவே அன்று காணப்பட்ட மங்கலுக்கு வாயு மண்டலம் காரணமாகாது.

வேலையின் கஷ்டத்தையும் வாசகர்கள் உணர வேண்டும். கானிமீடு அந்த நட்சத்திரத்தைவிட இருபது மடங்குக்குமேல் பிரகாசமானது. இரண்டின் ஒளியும் சேர்ந்தே கருவிக்குள் புகுகிறது. நட்சத்திரம் முழுவதும் மறைந்தாலும் மொத்த ஒளியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குறையும். பக்கத்திலேயே வியாழன் என்ற பெரிய தீவட்டி வேறு. இந்நிலைமையில் அந்தச் சிறு குறைவு சட்டென்று நேர்ந்ததா, மெல்ல நேர்ந்ததா என்று கூறுவது, கச்சேரியின் நடுவிலே ஒரு கொசுவின் ரீங்காரம் எந்தக் கணத்தில் நின்றதென்று கூறுவதைப் போன்றது. அதைத் துணிந்து செய்தவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. அந்த முறையும் குற்றமுள்ளதன்று. 1988-இல் புளூட்டோவின் வாயு மண்டலம் இதே முறையாலேதான் ஊர்ஜிதமாயிற்று. நெப்டியூன் என்னும் நெடுந்தூரக் கிரகத்தைச் சுற்றும் டிரைட்டன் என்ற பெருஞ்சந்திரனின் நைட்ரஜன் மண்டலத்தை 1989-இல் வாயேஜர் இரண்டாவது விண்கலம் கண்டது. அதன் பிறகு அம்மண்டலத்தின் மாறுதல்களைப் பூமியிலிருந்தே அளந்து வருவதும் நட்சத்திர மறைப்புகளின் மூலமே.

இப்போது அந்த இரண்டாவது முடிவுக்கு வருவோம். 1972-இல் சொன்ன விட்டம் ஏறத்தாழ 5,270. விண்கலங்கள் பக்கத்தில் போய் அளந்த பிறகு இன்று ஏற்றுக்கொண்டிருக்கும் விட்டம் 5,268. பிழைக்கு இடம் வைத்துத்தான் அவர்கள் தங்கள் எண்ணைக் கூறினார்கள் என்பது மெய். ஆனாலும் அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு கோளத்தை, ஜவ்வாது மலையிலும் ஜாவா மலையிலும் நின்று, ஒரு மங்கிய நட்சத்திரத்தையே அளவுகோலாகக்கொண்டு அளந்து, இவ்வளவு கிட்டத்தில் வந்தார்கள் என்பதன்றோ பெருமை! நமது மேடைகளில் முழங்க வேண்டியது இது. இதையோ ஒருவரும் சொல்வதில்லை.

யுரேனஸ் கிரகத்தின் விஷயத்திலும் இப்படியே ஒன்று நடந்தது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தபோது, பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதே காவலூர்த் தொலைநோக்கியால் கவனித்தார்கள். கிரகத்திற்கு வெளியிலேயே நட்சத்திரம் ஒருமுறை மங்கியதைப் பதிவு செய்தார்கள். அதை ஒரு புதிய சந்திரன் என்று கருதி அறிவித்தார்கள். ஆகாய விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்க வானசாஸ்திரிகளுக்கு இரு பக்கங்களிலும் அத்தகைய மங்கல்கள் பல கிடைத்தன. அவை சந்திரன்கள் அல்ல, கிரகத்தைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது விளங்கியது. காவலூர்ப் பதிவும் அந்த வளையங்களுக்குச் சான்றாக நின்றது. பதிவு மெய், அதற்குக் கொடுத்த பொருள் மாறிற்று. 2022 டிசம்பரில் அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கு 50 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடியபோது பத்திரிகைகளில் வந்த குறிப்புகளில் கானிமீடின் வாயு மண்டலம் பழையபடியே இடம்பெற்றிருந்தது. வாயேஜர் பேச்சில்லை, நாற்பதினாயிரம் பேச்சில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்? அந்நியர் ஆண்ட காலத்தில் நம்மவரின் அறிவு மறைக்கப்பட்டது. சென்னை வான ஆராய்ச்சி நிலயத்தில் உதவியாளராயிருந்து, 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியாரின் பெயர் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த மறைப்புக்குப் பரிகாரம் தேடும் ஆத்திரத்தில் நாம் உள்ளதற்குமேல் சொல்லத் தொடங்கினால், அந்நியர் நம்முடைய மெய்யான வெற்றிகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். ஒரு பொய் ரசீது அகப்பட்டால் கணக்குப் புத்தகம் முழுவதையும் புரட்டிப் பார்க்கும் அதிகாரியின் சுபாவம் உலகத்திற்கும் உண்டு. காவலூரின் கணக்குப் புத்தகமோ சுத்தமானது. வேணு பாப்பு தேர்ந்தெடுத்த அம்மலையில், அவர் 1982-இல் காலமான பின்பு, நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அவர் பெயரால் நிறுவப்பட்டது. 1988-இல் ராஜமோகன் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறு கிரகம் இராமானுஜனின் பெயரைத் தாங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை இருக்க, ரத்தான பத்திரம் ஒன்றை ஏன் சட்டமிட்டு மாட்ட வேண்டும்?

கானிமீடைப் பற்றிய விசாரணை இன்னும் முடியவில்லை. 2021-இல் ஜூனோ விண்கலம் அதன் தரையிலிருந்து 1,038 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து சென்றது. அந்தத் தேதியும் ஜூன் 7 என்பது ஒரு வேடிக்கை. ஐரோப்பியர் 2023 ஏப்ரலில் அனுப்பிய ஜூஸ் என்னும் விண்கலம் 2031-இல் வியாழனை அடைந்து, 2034-இன் முடிவில் கானிமீடையே சுற்றத் தொடங்கும் என்று திட்டம் வகுத்திருக்கிறார்கள். இன்று நமது ஜில்லாவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை அப்போது வாலிபனாயிருப்பான்.

ஆதலால் நல்லம்பள்ளி வட்டாரத்துப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கானிமீடைப் பார்க்கக் காவலூர் வரை போக வேண்டியதில்லை. வியாழன் இரவில் உயர எழும் மாதங்களில், நெடுஞ்சாலை விளக்குகளுக்கு ஒதுங்கிய ஒரு வயல் வரப்பில், கைகள் ஆடாதபடி சுவரிலோ கம்பத்திலோ சாய்த்துப் பிடித்த சாதாரண இரட்டைக் கண் தூரதிருஷ்டிக் கண்ணாடியே போதும். நான்கு சந்திரர்களும் புள்ளிகளாய்த் தெரியும். பிள்ளைகள் தினந்தோறும் அப்புள்ளிகளின் இடத்தைக் குறிப்பேட்டில் வரைந்து, அவற்றில் ஏழு நாட்களில் தன் இடத்துக்குத் திரும்புவது எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். மேகம் மறைத்த நாளில் மேகம் மறைத்தது என்றே எழுதட்டும். அக்குறிப்பேடுகளில் சிறந்த ஒன்றைப் படங்களுடன் இப்பத்தியில் வெளியிட நாம் சித்தமாயிருக்கிறோம்.