வாழைப்பழம் வில்லனா, ஹீரோவா?

‘‘மச்சி, நான் டயட்ல இருக்கேன். வாழைப்பழம் வேணாம். அதுல சுகர் ஜாஸ்தி!’’

கேன்டீனில் இந்த டயலாக்கைக் கேட்காத காலேஜ் உண்டா? சொல்லி முடித்த அடுத்த நிமிஷம் அதே ஆள் என்ன ஆர்டர் பண்ணுவார் தெரியுமா? ‘‘அண்ணே, ஒரு சாத்துக்குடி ஜூஸ். ஐஸ் கம்மியா!’’

எதிர் டேபிளில் இன்னொரு கோஷ்டி இருக்கும். ‘‘பழத்துல இருக்கிறது நேச்சுரல் சுகர்டி. எவ்வளவு சாப்பிட்டாலும் வெயிட் ஏறாது’’ என்று ஒரு டஜன் மாம்பழத்தோடு உட்கார்ந்திருக்கும்.

இந்த ரெண்டு பேர்ல யார் சொல்றது கரெக்ட்? கொஞ்சம் சயின்ஸ், கொஞ்சம் கணக்கு... வாங்க, பார்த்துடலாம்.

சர்க்கரை ஒண்ணு, பேக்கிங் வேற!

முதல்ல கெமிஸ்ட்ரி. நம்ம வீட்டு டப்பாவில் இருக்கிற வெள்ளைச் சர்க்கரைக்குப் பேர் சுக்ரோஸ். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்து நிற்கிற மூலக்கூறு அது. பழத்துக்குள்ள இருக்கிறதும் இதே மூணு பேர்தான். அளவு மட்டும் பழத்துக்குப் பழம் மாறும். வாழைப்பழத்து குளுக்கோஸுக்குக் கொம்பும் கிடையாது, டப்பா குளுக்கோஸுக்கு வாலும் கிடையாது. எந்தச் சர்க்கரையா இருந்தாலும் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி.

‘அப்படின்னா முதல் கோஷ்டிதான் ஜெயிச்சுதா?’ அவசரப்படாதீங்க பாஸ்! மூலக்கூறு ஒண்ணுதான். அது எந்தப் பேக்கிங்கில் வருது, எவ்வளவு வேகமா வருது என்பதில்தான் விஷயமே இருக்கு.

முழுப் பழத்தில் சர்க்கரை தனியா வர்றதில்லை. முக்கால் பங்குக்கு மேல் தண்ணி. அதோட நார்ச்சத்து. சர்க்கரை முழுக்க செல் சுவர்களுக்குள் பூட்டிக் கிடக்கு. நீங்க கடிக்கணும், மெல்லணும், வயிறு அரைக்கணும். அதுக்கு அப்புறம்தான் வெளியே வரும். நம்ம இன்ஜினீயரிங் பாஷையில் சொன்னா, டேங்க்ல இருக்கிற தண்ணி அதேதான். வால்வை எவ்வளவு திறக்கிறோம் என்பதுதான் மேட்டர்.

ஆப்பிளை வெச்சு ஒரு ஆராய்ச்சி

1977-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சுவாரஸ்யமான ஆராய்ச்சி வந்தது. பத்துப் பேருக்கு ஆப்பிளை மூணு விதமாக் கொடுத்தாங்க: ஒரு தடவை முழுசா, ஒரு தடவை கூழா, ஒரு தடவை வடிகட்டின ஜூஸா. மூணுலயும் மாவுச்சத்து ஒரே அளவு. ரிசல்ட்? ஜூஸைக் குடிச்ச வேகம், பழத்தைச் சாப்பிட்ட வேகத்தைப் போல 11 மடங்கு! வயிறு நிறைஞ்ச திருப்தி முழுப் பழத்தில்தான் அதிகம், கூழ் ரெண்டாவது, ஜூஸ் கடைசி பெஞ்ச். ஜூஸ் குடிச்சதும் இன்சுலின் எகிறி, அப்புறம் ரத்தச் சர்க்கரை சர்ருன்னு இறங்கவும் செஞ்சது. அதாவது, பழம் ஒண்ணுதான். மிக்ஸிக்குள்ள போனதும் குணம் மாறிடுச்சு.

2009-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டாங்க: ‘லஞ்சுக்கு முன்னாடி ஆப்பிள் சாப்பிட்டா என்ன ஆகும்?’ முழு ஆப்பிள் சாப்பிட்டவங்க, எதுவுமே சாப்பிடாம லஞ்சுக்கு உட்கார்ந்த நாளைவிட மொத்தத்தில் 15 சதவீதம் குறைவான கலோரி எடுத்துக்கிட்டாங்க. ஆப்பிளோட கலோரியையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு! அதே கலோரி அளவு ஜூஸுக்கு இந்த வித்தை வரலை. ஜூஸ்ல நார்ச்சத்தைத் தனியாக் கலந்து கொடுத்துப் பார்த்தாங்க. அப்பவும் முழுப் பழத்தை முந்த முடியலை.

ஜூஸ் கடைக் கணக்கு

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். ஒரு ஆரஞ்சில் சுமார் 12 கிராம் சர்க்கரை. ஒண்ணு சாப்பிட்டா போதும்னு தோணும். ரெண்டாவது உரிக்கிறதுக்குள்ள போர் அடிச்சுடும். ஆனா 300 மில்லி ஜூஸுக்கு மூணு, நாலு பழம் பிழியணும். அதிலேயே 25 கிராம் சர்க்கரை வந்தாச்சு. அதுக்கு மேல ஜூஸ் கடை அண்ணன் பாசத்தோட ரெண்டு பெரிய கரண்டி சர்க்கரை போட்டார்னா இன்னொரு 25 கிராம். மொத்தம் 50 கிராம், 200 கலோரி. மூணு, நாலு இட்லிக்குச் சமமானதை ஸ்ட்ரா போட்டு ரெண்டு நிமிஷத்தில் காலி பண்ணிட்டு, ‘நான் இன்னும் எதுவுமே சாப்பிடலை’ன்னு கிளாஸுக்குப் போறோம்!

‘நான் சர்க்கரை இல்லாமத்தான் குடிப்பேன்’ங்கிறவங்களுக்கு ஒரு தகவல். 100 மில்லி கோலாவில் 10, 11 கிராம் சர்க்கரை இருக்கும். எதுவும் சேர்க்காத ஆரஞ்சு ஜூஸிலும் 8 கிராமுக்குக் குறையாது. வைட்டமின் சி இருக்குங்கிறதால ஜூஸ் கொஞ்சம் நல்ல பிள்ளை, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது இதைத்தான். நாம சேர்க்கிற சர்க்கரை, தேன், பழ ஜூஸில் இருக்கிற சர்க்கரை எல்லாம் ஒரே லிஸ்ட். இது மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது நாளுக்கு 25 கிராம் அளவுக்கு, கொண்டு வந்தா இன்னும் நல்லது. அந்த லிஸ்ட்டில் முழுப் பழம் இல்லை. கவனிச்சீங்களா? தேனுக்கும் ஜூஸுக்கும் தடா, முழுப் பழத்துக்கு விசா!

‘நாட்டுச் சர்க்கரை போட்டுத் தாங்கண்ணே’ன்னு ஸ்டைலா கேட்கிறவங்களும் கேட்டுக்கோங்க. கலர்தான் வேற, கலோரி கிட்டத்தட்ட அதேதான்.

வருஷக் கணக்கில் பார்த்தால்?

ஒரு வேளை லஞ்ச் சரி, நீண்ட நாளைக்கு? 2015-ல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 1,33,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் 24 வருஷ விவரங்களை அலசினாங்க. தினமும் சாப்பிடுற பழத்தை ஒரு பங்கு கூட்டிக்கிட்டவங்களுக்கு ஒவ்வொரு 4 வருஷத்திலும் சுமார் கால் கிலோ எடை குறைஞ்சிருந்தது. கால் கிலோதானான்னு சிரிக்காதீங்க. பழம் சாப்பிட்டா குண்டாயிடுவோம்ங்கிற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை என்பதுதான் பாயின்ட். பழம் சாப்பிடுறவங்க மத்த விஷயங்களிலும் ஒழுங்கா இருந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வெச்சுக்கணும். பழம் மந்திரக்கோல் இல்லை.

2013-ல் அதே ஹார்வர்டு குழுவினரின் இன்னொரு ஆய்வு: திராட்சை, ஆப்பிள், ப்ளூபெர்ரி போன்ற முழுப் பழங்களை அதிகம் சாப்பிட்டவங்களுக்கு டைப்-2 சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு குறைவா இருந்தது. ஜூஸ் அதிகம் குடிச்சவங்களுக்குக் கூடுதலா இருந்தது. பழமும் ஜூஸும் எதிரெதிர் திசையில்!

இதை நாம ஏன் கவனிக்கணும்னா, சென்னையின் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசப்படியில் நிற்கிறாங்கன்னு அது சொல்லுது. ‘அதெல்லாம் அப்பாவுக்கு வர்ற வியாதி’ன்னு நாம சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.

மாம்பழ கோஷ்டிக்கு ஒரு வார்த்தை

முழுப் பழம் நல்லது, சரி. அதுக்காக ‘அன்லிமிட்டெட்’ கிடையாது. நூறு கிராம் பழத்தில் சர்க்கரை தோராயமா எவ்வளவுன்னு பாருங்க:

தர்பூசணி - 6 கிராம்
பப்பாளி - 8
கொய்யா - 9
ஆப்பிள் - 10
வாழை - 12
மாம்பழம் - 14
திராட்சை - 15
பலா - 19
பேரீச்சை - 60-க்கு மேல்!

பேரீச்சையில் தண்ணி வத்திப் போச்சு, சர்க்கரை அப்படியே நிற்குது. டி.வி. பார்த்துக்கிட்டே கை நிறைய அள்ளினா, அது சாப்பாட்டுக் கணக்கில் வரும். அதே மாதிரி, மெஸ்ஸில் மூணு கரண்டி சாதம் முடிச்சுட்டு, ‘டெசர்ட்’டுக்கு ரெண்டு மாம்பழம் வெட்டினா அது கூடுதல் கலோரிதான். பப்ஸுக்குப் பதிலா பழமா, பப்ஸோட சேர்த்துப் பழமா? இந்த ஒரு கேள்வியில்தான் உங்க எடை இருக்கு.

நம்ம ஊர் கொய்யாவைக் கொஞ்சம் மரியாதையா பாருங்க. ஒரு பெரிய கொய்யாவில் 100 கலோரி, 8 கிராம் நார்ச்சத்து. ப்ளூபெர்ரியைத் தேடி சூப்பர் மார்க்கெட் போக வேண்டாம். காலேஜ் வாசல் தள்ளுவண்டியில், மிளகாய்ப் பொடி தூவி ரெடியா இருக்கு!

பழம் மட்டும் போதுமா?

ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் சுத்துற ‘ஜி.எம். டயட்’ தெரியும்தானே? முதல் நாள் வாழைப்பழம் தவிர மத்த பழங்கள் மட்டும், நாலாவது நாள் வாழைப்பழமும் பாலும் என்று ஏழு நாள் கூத்து. முதல் நாள் விலக்கி வெச்ச வாழைப்பழம், நாலாவது நாள் எப்படி நல்லவன் ஆச்சுன்னு யாராவது கேட்டோமா? முதல் வாரம் எடை இறங்கும். அதில் பெரும் பங்கு தண்ணிதான், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினதும் அதுவும் திரும்பி வந்துடும். பழத்தில் புரதம் ரொம்பக் குறைவு. பருப்பு, முட்டை, சுண்டல், தயிர் இல்லாம வாரக் கணக்கில் ஓட்டினா கொழுப்போட சேர்ந்து தசையும் கரையும்.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில், 2,000 கலோரித் தட்டில் பழத்துக்கு ஒதுக்கின இடம் 100 கிராம். காய்கறிக்கு 400 கிராம். அதாவது ஒரு கொய்யாவோ, ஒரு வாழைப்பழமோ தினமும் சாதாரணமா இடம் பிடிக்கலாம்.

ஸோ, என்ன செய்யலாம்?

நாலு மணிப் பசிக்கு பப்ஸை எடுத்துட்டுப் பழத்தை வைங்க. பப்ஸ் சாதாரணமா 200 கலோரியைத் தாண்டும். ஒரு மீடியம் வாழைப்பழம் 100 சொச்சம்தான். கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ இருந்தா ராத்திரி மெஸ் வரைக்கும் தாங்கும்.

குடிக்காதீங்க, கடிங்க. ஜூஸ் கடைக்கே போனாலும் ‘பழத்தை வெட்டிக் கொடுங்கண்ணே’ன்னு கேளுங்க.

ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கிறவங்க, மருந்து சாப்பிடுறவங்க எந்தப் பழம், எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கடைசியா ஒண்ணு, இது சீரியஸ். உங்க ரூம்மேட் முதல்ல ஸ்வீட்டை நிறுத்தி, அப்புறம் சாதத்தை நிறுத்தி, இப்ப ஒரு வாழைப்பழத்தைப் பார்த்தும் பயப்படுறாங்கன்னா, லேப்ல நிற்கும்போது தலை சுத்துதுன்னு சொல்றாங்கன்னா, அதுக்குப் பேர் டயட் இல்லை. கிண்டல் பண்ணாம பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க. டாக்டர்கிட்டயோ காலேஜ் கவுன்சிலர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க. எடை கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் நடுவில் ஒரு ஆள் காணாமப் போயிடக் கூடாது, இல்லையா?

மத்தபடி, நாளைக்குக் கேன்டீனில் யாராவது ‘வாழைப்பழத்துல சுகர் இருக்கு மச்சி’ன்னு ஆரம்பிச்சா, ‘இருக்குடா, உன் கையில இருக்கிற கிளாஸ்ல எவ்வளவு இருக்கு?’ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா பழத்தை உரிச்சுக் கையில கொடுங்க!