டெங்குவா, சிக்குன்குனியாவா? வேலூர் பிரிச்சுக் காட்டின கதை

ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். மழைக்காலம், ஒரே ரூம்ல எட்டு பேர், வாசல்ல மூடாத தண்ணி டிரம், ரெண்டு பழைய டயர். ஒருத்தருக்குத் திடீர்னு காய்ச்சல், மூட்டெல்லாம் வலி. பக்கத்துல படுத்திருக்கிறவர் "டெங்கு"ன்னு முடிவு பண்ணிடுவார். லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் கட். அதனால மெடிக்கல்ல ஒரு வலி மாத்திரையை வாங்கிப் போட்டுட்டு நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிடுவாங்க.

ஆனா அது சிக்குன்குனியாவாவும் இருக்கலாம். ரெண்டையும் பரப்புறது அதே ஏடிஸ் கொசு. இந்தக் குழப்பத்தைப் பிரிச்சுக் காட்டின ஆய்வு நமக்குப் பக்கத்துலதான் நடந்தது. பெங்களூர் ஹைவேயைப் பிடிச்சா ரெண்டு மணி நேரத்துல வர்ற வேலூர், சிஎம்சி ஆஸ்பத்திரி.

1963-ல் கல்கத்தாவில் சிக்குன்குனியா பரவியது. அடுத்த வருஷம் தென்னிந்தியாவுல "டெங்கு மாதிரி" ஒரு காய்ச்சல். வேலூர்ல ரூத் மையர்ஸும், ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த டொனால்ட் கேரியும் இதை ஆராய்ஞ்சாங்க. அந்தக் குழுவுல ரேச்சல் ரூபன்னு ஒரு பூச்சியியல் ஆய்வாளரும் இருந்தார். நோயாளிகளோட ரத்தத்துல இருந்து சிக்குன்குனியா வைரஸைப் பிரிச்செடுத்தாங்க. அதோட நிறுத்தாம, கொசுக்கள்ல இருந்தும் எடுத்தாங்க. ரத்தத்துல இருக்கிற வைரஸ் யாருக்கு என்ன நோய்னு சொல்லும், கொசுவுல இருக்கிறது அதைச் சுமந்துட்டு வந்தது யாருன்னு சொல்லும். 1965-ல் கட்டுரை வந்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1967-ல் 'சயின்ஸ்' இதழில் மையர்ஸும் கேரியும் எழுதின சின்னக் கட்டுரை. ஒரே நோயாளிகிட்ட இருந்து ஒரே சமயத்துல சிக்குன்குனியாவும், டெங்கு டைப் 2-வும் கிடைச்சிருக்கு! நம்ம பாஷையில சொன்னா, ஒரே எரர் மெசேஜுக்குப் பின்னாடி ரெண்டு பக். ஒண்ணைக் கண்டுபிடிச்சதும் டிக்கெட்டை மூடிட்டா இன்னொண்ணு மாட்டாது.

1971-ல் கேரி பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டினார். 1779-ல் படேவியாவுல, அதாவது இன்னைய ஜகார்த்தாவுல, பரவினதை எல்லாரும் டெங்குன்னே எழுதிட்டு வந்தாங்க. அங்கே சொல்லியிருக்கிற மூட்டு வலியைப் பார்த்தா அது சிக்குன்குனியாதான்னு அவர் வாதம். டெங்குங்கிற பேரே முதல்ல இந்த இன்னொரு நோய்க்கு வந்ததா இருக்கலாமாம்.

இதுக்கெல்லாம் என்ன தாக்கம்னு 1980-கள்ல கேட்டிருந்தா பெருசா ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. 1973-க்கு அப்புறம் இந்தியாவுல சிக்குன்குனியா ஏறக்குறைய 30 வருஷம் சத்தமே போடல. யார் படிப்பா? 2006-ல் 13 லட்சத்துக்கும் மேல சந்தேகத்துக்குரிய கேஸ் வந்ததும் எல்லாரும் 1960-களுக்கு ஓடினாங்க. புனே வைராலஜி நிறுவனம் 1963-ல் இருந்து சேமிச்ச வைரஸோட புதுசை ஒப்பிட்டுப் பார்த்தது. பழசு ஆசிய வகை, புதுசு ஆப்பிரிக்க வகை. பழைய வைரஸை யாரோ ஃப்ரீசர்ல பத்திரமா வெச்சிருந்ததாலதான் இது தெரிஞ்சது. ரெண்டு வைரஸும் சேர்ந்து வர்றதைப் பத்தி எழுதுறவங்க இன்னைக்கும் 1967 கட்டுரையைச் சுட்டுறாங்க.

சரி, ரூம்ல படுத்திருக்கிற நண்பருக்கு வருவோம். டெங்கு இல்லைன்னு உறுதியாகிற வரைக்கும் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து இருக்கு. பாராசிட்டமால் போதும். டெங்குவுல காய்ச்சல் இறங்குற நேரம்தான் கவனிக்கணும். வயித்து வலி, விடாத வாந்தின்னா உடனே ஆஸ்பத்திரி. சிக்குன்குனியாவுல மூட்டு வலி மாசக்கணக்குல இழுக்கலாம், லைன்ல நின்னு போல்ட்டு முறுக்குறவருக்கு அது பெரிய அடி. முதல் அஞ்சு நாளுக்குள்ள என்எஸ்1 டெஸ்ட் எடுங்க. அதுல டெங்குன்னு வந்தும் மூட்டு வலி விடலைன்னா, சிக்குன்குனியாவுக்கும் பார்க்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.