பெருந்தொற்றுக்குப் பின் பல்கலைக்கழக மாணவர்களின் ஏரோபிக் உடற்தகுதியும் உடல் இயக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

கோவிட்-19 பெருந்தொற்றுக் கால முடக்கம் மாணவர்களின் அன்றாட உடல் இயக்கத்தைக் கட்டுப்படுத்தியது. இயக்கம் குறையும்போது ஏரோபிக் தகுதி தளரும் முறையையும், அதனை அளந்து மீட்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஏரோபிக் தகுதி, உடல் இயக்கம், பெருந்தொற்று, படியேற்றச் சோதனை.

முன்னுரை

இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. வகுப்புகள் இணையவழிக்கு மாறின. மைதானங்கள் மூடப்பட்டதோடு, விடுதியிலிருந்து வகுப்பறைக்கும் நூலகத்திற்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் நடக்கும் நடையும் நின்றது. விளையாட்டில் ஈடுபடாத மாணவர்களுக்கு அந்நடையே முதன்மையான உடல் இயக்கமாக இருந்தது.

இயக்கக் குறைவும் தகுதி இழப்பும்

உடல் இயக்கம் என்பது செயல். உடற்தகுதி என்பது அச்செயலால் உடல் பெறும் திறன். ஏரோபிக் தகுதி, கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவால் மதிப்பிடப்படுகிறது.

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நிகழ்ந்த ஆய்வில், 20 வயதுடைய ஆரோக்கியமான ஆண்கள் ஐவர் 3 வாரம் முழுப் படுக்கையில் வைக்கப்பட்டனர். அவர்களது உச்ச ஆக்சிஜன் நுகர்வு சராசரியாக ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்தது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு குறைந்ததே இதற்கு முதன்மைக் காரணம். பின்னர் அளிக்கப்பட்ட ஏறத்தாழ 8 வாரப் பயிற்சியால் இழந்த திறன் மீண்டது. ஊரடங்கு முழுப் படுக்கை அன்று. ஆதலின் இவ்விழுக்காட்டை மாணவர்களுக்கு அப்படியே பொருத்துதல் தவறாகும். எனினும், இழப்பு விரைவானது, மீட்கக்கூடியது என்னும் இரு உண்மைகளும் பொருந்தும்.

அளவீடு

கூப்பரின் 12 நிமிட ஓட்டச் சோதனை முழு முயற்சியைக் கோருவது; நெடுநாள் பயிற்சியற்றோருக்கு அது உடனடியாக ஏற்றதன்று. குயின்ஸ் கல்லூரிப் படியேற்றச் சோதனை மிதமானது. 41.3 செ.மீ. உயரப் படியில் 3 நிமிடம், ஆண்கள் நிமிடத்திற்கு 24 முறையும் பெண்கள் 22 முறையும் ஏறி இறங்குவர். பின்னர் நாடித்துடிப்பு கணக்கிடப்படும். உடல் எடை மாறாத நிலையிலும் தகுதி குறைந்திருக்கலாம் என்பதால், எடை அளவீடு மட்டும் போதாது. பெருந்தொற்றுக்கு முந்தைய அளவீடு இல்லாத ஆய்வுகள், தற்போதைய நிலையை விவரிக்கலாமேயன்றி, அதனைப் பெருந்தொற்றின் விளைவு என நிறுவ இயலாது.

மீட்பு

வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கமோ, 75 முதல் 150 நிமிடத் தீவிர இயக்கமோ தேவை என உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. நாளொன்றுக்கு 30 நிமிடம் என வாரம் 5 நாள் விரைநடை மேற்கொண்டால் குறைந்த அளவு நிறைவேறும். தொற்றுக்குப் பின் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உடையவர்கள் மருத்துவ ஆலோசனைக்குப் பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

முடிவுரை

ஏரோபிக் தகுதி சேமித்து வைக்கத்தக்கதன்று. தொடர் இயக்கத்தாலேயே நிலைபெறுவது. ஆகவே, சேர்க்கையின்போதே மாணவர்களின் தகுதியை அளந்து, ஆண்டுதோறும் ஒப்பிடும் நடைமுறை, மாணவர் நலனுக்கும் எதிர்கால ஆய்வுகளுக்கும் அடிப்படையாக அமையும்.